ராம பாணம்

1993-ம் வருடம், ஜூலை 4. ஜப்பானில் ஷிகோகு தீவில் நீஹாமா என்று ஓர் ஊர். அங்கே சுமிடோமோ கம்பெனியின் கெமிக்கல் தொழிற்சாலை ஒன்று வெடித்தது. தொழிற்சாலை வெடிப்பது உலகத்தில் புதுசு இல்லை. ஆனால், இந்தத் தொழிற்சாலையில் தயாரானது ஒருவகை எபாக்ஸி பிசின். சிலிக்கான் சில்லைச் சுற்றிக் கறுப்பாக ஒரு மேல்தோல் இருக்கிறதே, அதைச் செய்யும் பிசின். உலகத்தின் மொத்தத் தேவையில் ஏறக்குறைய 60 சதவிகிதம் அந்த ஒரே ஊரிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் என்ன? பிசின் இல்லாவிட்டால் சில்லு இல்லை. சில்லு இல்லாவிட்டால் ராம் இல்லை. நிஜமாகத் தட்டுப்பாடு வந்ததோ இல்லையோ, வரப்போகிறது என்ற பயமே போதுமானதாக இருந்தது. சில வாரங்களுக்குள் உலகச் சந்தையில் ராம் விலை ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது. சரக்கு வைத்திருந்தவர்கள் பூட்டிவைத்தார்கள். வெங்காயத்துக்கு என்ன நடக்குமோ, அதுவேதான்.

இந்த விபத்துக்கும், திருவேங்கடத்தில் ஒரு வீட்டுப் பரணில் தூங்கும் அரசாங்க லேப்டாப்புக்கும் சம்பந்தம் உண்டு. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் அங்கே போக வேண்டும்.

முதலில் ஒரு கேள்வி. கம்ப்யூட்டருக்கு வயசாகுமா?

மிக்ஸிக்கு ஆகும். பிளேடு மழுங்கும், மோட்டார் காயில் கருகும். சைக்கிளுக்கு ஆகும். ஆனால், கம்ப்யூட்டரின் மூளையாகிய பிராசஸர், வாங்கிய அன்று ஒரு விநாடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ, பத்து வருடம் கழித்தும் அதே வேகத்தில்தான் போடும். உள்ளே காற்றாடியில் தூசி அடைத்துக்கொண்டால் சூடேறி, தன்னைத்தானே கொஞ்சம் நிதானப்படுத்திக்கொள்ளும். நம் கரிசல் காட்டுத் தூசிக்கு அது நிச்சயம் நடக்கும். ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் சரியாகிவிடும். மற்றபடி சிலிக்கானுக்கு மூட்டுவலி கிடையாது.

பின்னே ஏன் ஆன் பண்ணிவிட்டு, காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது?

கம்ப்யூட்டர் மெதுவாகவில்லை. அதன் தலையில் ஏற்றிய மூட்டை கனத்துவிட்டது. இதை 1995 பிப்ரவரியில் ஒரு கட்டுரையாகவே எழுதினார் நிக்லாஸ் விர்த். ஸ்விட்சர்லாந்துக்காரர். ஒரு காலத்தில் நம் கல்லூரிப் பிள்ளைகள் படித்த பாஸ்கல் மொழியை உருவாக்கியவர். 2024-ம் வருடம் ஜனவரி 1-ம் தேதி காலமானார். ஹார்டுவேர் வேகமாவதைவிட அதிக வேகத்தில் சாஃப்ட்வேர் மந்தமாகிக்கொண்டிருக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. இதை விர்த் விதி என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவரோ, இது என் கண்டுபிடிப்பல்ல, மார்ட்டின் ரைஸர் என்பவர் சொன்னது என்று பெருந்தன்மையாகச் சொன்னார். யார் கேட்டார்கள்?

இதற்கு எதிர்ப்பக்கம் இருப்பது மூர் விதி. 1965-ல் கார்டன் மூர் சொன்னது. சில்லுக்குள் அடைக்கக்கூடிய டிரான்ஸிஸ்டர்களின் எண்ணிக்கை வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும் என்றார். 1975-ல் அதைத் திருத்தி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வோம் என்றார். ஏறக்குறைய அப்படியேதான் நடந்தது. இன்டெல்லின் ஆண்டி குரோவ் கொடுப்பதையெல்லாம் மைக்ரோசாஃப்டின் பில் கேட்ஸ் பிடுங்கிக்கொள்கிறார் என்று அமெரிக்காவில் ஒரு கேலி உண்டு. நம் ஊரில் சொன்னால் இன்னும் பொருத்தம். கடைசியில் ஆண்டியானது யார் என்று நமக்குத் தெரியும்.

இந்த இழுபறி முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டர் வந்தபோது அதன் பிராசஸரால் மொத்தம் 1 எம்.பி. நினைவகத்தைத்தான் தொட முடியும். அதில் 384 கே.பி.யை ஸ்கிரீனுக்கும் மற்ற சாமான்களுக்கும் ஒதுக்கிவைத்துவிட்டார்கள். மீதி 640 கே.பி. அன்றைக்கு அது ஏக்கர் கணக்கில் நிலம் மாதிரி தெரிந்தது. நாலைந்து வருடத்துக்குள் குடிசை போட இடமில்லை. பக்கத்து நிலத்தை வளைத்துப்போட லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 1985-ல் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தன. 1993-ல் வந்த டாஸ் 6-ல் மெம்மேக்கர் என்றே ஒரு புரோகிராம் இருந்தது. வேலை என்னவென்றால், 640-க்குள் உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பி, வேறு பெஞ்சுக்கு மாற்றி, இடம் பண்ணிக் கொடுப்பது. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டரில் படித்தவர்களுக்கு ‘கான்ஃபிக் டாட் சிஸ்’ என்ற பெயர் ஞாபகம் இருக்கலாம். அதில் ஒரு வரி மாற்றினால் கேம் ஓடும். ஒரு வரி தப்பினால் கம்ப்யூட்டரே ஓடாது.

அந்தக் காலப் பெட்டிகளின் முகத்தில் ‘டர்போ’ என்று ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினால் வேகமாகும் என்று நம்பாத ஆளில்லை. உண்மையில் அந்த பட்டனை வைத்ததே வேகத்தைக் குறைக்கத்தான். பழைய கேம்கள் எல்லாம் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தை நம்பி எழுதப்பட்டவை. புதுக் கம்ப்யூட்டரில் போட்டால் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஹீரோ செத்துப்போவான். அதற்காக ஒரு பிரேக். வேகமாக்கும் விஷயத்தில் நாம் ஏமாற ஆரம்பித்தது அனேகமாக அந்த பட்டனிலிருந்துதான்.

சரி, நீஹாமாவுக்கு வருவோம்.

விலை ஏறிய ராம், 1995 வரைக்கும் இறங்கவே இல்லை. ஒரு எம்.பி. 30 டாலருக்கு மேல். அந்த நேரம் பார்த்து 1995 ஆகஸ்ட் 24-ம் தேதி விண்டோஸ் 95 வெளியானது. குறைந்தபட்சம் 4 எம்.பி. ராம் இருந்தால் போதும் என்று அட்டையில் போட்டிருந்தது. 4 எம்.பி.யில் அது ஓடும், கல்யாண வீட்டில் பந்தியில் கடைசி வரிசைக்குச் சாப்பாடு வருகிற வேகத்தில். உருப்படியாக ஓட 8 வேண்டும். அமெரிக்காக்காரனுக்கே கையைக் கடிக்கும் விலை. என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்த கோடிக்கணக்கானவர்கள் முன்னால் வந்து நின்றது, ஸின்க்ரானிஸ் என்ற கலிஃபோர்னியா கம்பெனி.

கையில் ஒரு அட்டைப்பெட்டி. பெயர் ‘சாஃப்ட்ராம் 95’. உங்கள் ராமை இரண்டு மடங்காக்குவோம். ராம் வாங்க வேண்டாம். பெட்டியைத் திறக்க வேண்டாம். ஃபிளாப்பியைப் போடு, இன்ஸ்டால் பண்ணு. 4 எட்டாகும், 8 பதினாறாகும். எப்படி? ராமில் இருக்கும் தகவல்களைச் சுருக்கி வைப்போம், அவ்வளவுதான். படுக்கையைச் சுருட்டிக் கட்டினால் அறையில் இடம் வராதா?

கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. நம்பவும் முன்னுதாரணம் இருந்தது. ஹார்டு டிஸ்க்கில் இதே சுருக்கும் வேலையை ஸ்டாக் எலக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி செய்து காட்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் அதே மாதிரி ஒன்றை டாஸில் சேர்க்க, ஸ்டாக் கோர்ட்டுக்குப் போய் 1994 பிப்ரவரியில் 12 கோடி டாலர் நஷ்டஈடு தீர்ப்பு வாங்கியது. மேக்கின்டாஷில் ராம் டப்ளர் என்று ஒன்று நிஜமாகவே வேலை செய்துகொண்டிருந்தது. அப்படியிருக்க, இதை எதற்குச் சந்தேகப்பட வேண்டும்?

விற்றது பாருங்கள், அப்படி விற்றது. விண்டோஸ் 3.1-க்கான பழைய சாஃப்ட்ராம் ஒரு லட்சம் பிரதிகளுக்கு மேல். சாஃப்ட்ராம் 95 ஆறு லட்சத்துக்கும் மேல். போட்டுப் பார்த்தவர்களுக்கு ஸ்கிரீனில் அழகான மீட்டர் ஒன்று தெரிந்தது. முன்னால் 4, இப்போது 8 என்று முள் ஆடியது. முள் ஆடினால் நமக்கு நம்பிக்கை வந்துவிடும். பெட்ரோல் பங்க்கில் நாம் பார்ப்பதில்லையா?

ஆனால், கம்ப்யூட்டர் மட்டும் அப்படியேதான் இருந்தது. ஜெர்மனியில் ‘சி.டி.’ என்ற கம்ப்யூட்டர் பத்திரிகை முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது. அப்புறம் அமெரிக்காவில் மார்க் ருஸினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல், ஆண்ட்ரூ ஷுல்மன் என்ற மூன்று புரோகிராமர்கள் சாஃப்ட்ராமின் வயிற்றைக் கிழித்தே பார்த்துவிட்டார்கள். உள்ளே என்ன இருந்தது?

ஒன்றுமில்லை.

சுருக்குவது, மடிப்பது எதுவும் கிடையாது. மைக்ரோசாஃப்ட், டிரைவர் எழுதக் கற்றுக்கொள்கிறவர்களுக்காக வெளியிட்டிருந்த மாதிரி நிரலைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்து உள்ளே வைத்திருந்தார்கள். பரீட்சையில் மாதிரி வினாத்தாளின் விடையை எழுதி வைப்பது மாதிரி. முள் மட்டும்தான் சொந்தத் தயாரிப்பு. 1995 டிசம்பரில் சரக்கைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். 1996-ல் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன், இந்த விளம்பரங்கள் பொய் என்று நடவடிக்கை எடுத்தது. 1998-ல் ஸின்க்ரானிஸ் திவால்.

கிழித்துப் பார்த்த மூவரில் ருஸினோவிச், பின்னால் மைக்ரோசாஃப்டிலேயே பெரிய பொறுப்புக்குப் போனார். வேடிக்கை என்னவென்றால் சாஃப்ட்ராம் பொய்யாகச் சொன்னது இன்று உண்மையாகிவிட்டது. ஆப்பிள் 2013-ல் ராமைச் சுருக்கும் வித்தையை மேக்கில் சேர்த்தது. லினக்ஸில் 2014-ல் வந்தது. 2015-ல் விண்டோஸ் 10-ல் வந்தது. யோசனை தப்பில்லை. ஆள்தான் தப்பு.

அந்த ஆள் அதோடு போய்விட்டானா? எங்கே போவான்? சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான்.

நம் ஊருக்கு அவன் வந்த பாதை இது. தொண்ணூறுகளின் கடைசியிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் நடுத்தர வர்க்கத்து வீடுகளில் கம்ப்யூட்டர் நுழைந்தது. பெரும்பாலும் பிராண்டு இல்லாத ‘அசெம்பிள்டு’ பெட்டி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாமான் வாங்கி, ஊரில் தெரிந்த பையன் ஒருவன் மாட்டிக் கொடுத்தது. 2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 128 எம்.பி. ராம் இருந்தால் நல்லது என்றார்கள். பெரும்பாலான வீடுகளில் சரியாக அந்த 128-தான் இருந்தது. மேலே போட 64 கூடக் கிடையாது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தது. கூடவே வைரஸ்களும் வந்தன. வைரஸைப் பிடிக்க ஆன்ட்டி வைரஸ். திருடனுக்குப் பயந்து வைத்த காவல்காரன், வீட்டுச் சோற்றில் பாதியைத் தின்றான். பென் டிரைவ் குத்தினாலே தானாக ஓடும் ‘ஆட்டோரன்’ வசதியை வைரஸ்கள் ஏணியாகப் பிடித்துக்கொண்டு ஏறின. அந்த ஏணியை எக்ஸ்.பி.யிலிருந்து பிடுங்க மைக்ரோசாஃப்டுக்கு 2011 பிப்ரவரி வரை ஆயிற்று. அதற்குள் ஒவ்வொரு போட்டோ ஸ்டூடியோவும், ஒவ்வொரு பிரவுசிங் சென்டரும் ஒரு நோய்க்கூடம் ஆகியிருந்தது.

அந்தச் சமயத்தில் ஊர்ப் பக்கத்து சர்வீஸ் கடைகளில் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான்.

“அண்ணாச்சி, ஃபார்மட் அடிச்சு ஓ.எஸ். போட்ருவோமா? சாயங்காலம் வந்து வாங்கிக்கிடுங்க.”

இதைக் கேலி செய்யத் தோன்றும். செய்ய வேண்டாம். ஃபார்மட் அடித்தால் நிஜமாகவே வேகமானது. ஏனென்றால் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதே கூடவே எழுந்து உட்காரும் இருபது முப்பது புரோகிராம்கள் அதோடு காலி. மெஸஞ்சர், டூல்பார், பிரின்டர் கம்பெனியின் தேவையில்லாத மேலாளர், எப்போதோ ஒருமுறை பாட்டுக் கேட்கப் போட்ட பிளேயர், எல்லாம். அவற்றை மட்டும் எழுந்திருக்காமல் செய்ய எக்ஸ்.பி.யிலேயே வழி இருந்தது. ‘எம்.எஸ்.கான்ஃபிக்’ என்று டைப் செய்தால் பட்டியல் வரும். வேண்டாதவற்றில் டிக்கை எடுத்தால் தீர்ந்தது. தமிழ் கம்ப்யூட்டர் பத்திரிகையும், தினமலரின் கம்ப்யூட்டர் மலரும் இந்த மாதிரி வித்தைகளைச் சளைக்காமல் எழுதிக்கொண்டிருந்தன. சம்பளக்காரக் குடும்பங்களின் ஆயிரக்கணக்கான ரூபாயை அந்தப் பக்கங்கள் காப்பாற்றியிருக்கும்.

அதே காலத்தில்தான் ‘உங்கள் கம்ப்யூட்டரில் 1,347 தவறுகள் உள்ளன’ ரக புரோகிராம்கள் பெருகின. எண் நான் சும்மா போட்டது. அவர்களும் சும்மாதான் போட்டார்கள். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறேன் என்பார்கள். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் பத்திரப்பதிவு அலுவலகம். அதில் பத்துப் பழைய பத்திரம் கிடப்பதால் ஊருக்குள் பஸ் மெதுவாகப் போகாது. நல்ல பெயர் எடுத்திருந்த சிகிளீனருக்கே 2017-ல் சோதனை. அதன் ஒரு பதிப்புக்குள் ஹேக்கர்கள் நுழைந்து தங்கள் சரக்கை ஏற்றிவிட, சுத்தம் செய்ய இறக்கிய 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் அழுக்கு போய்ச் சேர்ந்தது.

அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ என்ற பெரிய கடைச் சங்கிலி செய்தது இன்னும் ஒரு படி மேல். கம்ப்யூட்டரைக் கொண்டுவாருங்கள், இலவசமாக உடல்நலப் பரிசோதனை என்றார்கள். தொடக்கத்தில் நாலு கேள்வி கேட்கும். மெதுவாக இருக்கிறதா? அடிக்கடி நிற்கிறதா? இந்த மாதிரி. நாலில் ஒன்றுக்கு டிக் அடித்தாலும் போதும், வைரஸ் அறிகுறி இருக்கிறது என்று முடிவு வரும். பரிசோதனை என்ற பெயரில் நடப்பதெல்லாம் பொம்மலாட்டம். அந்த டிக்தான் முடிவு. அப்புறம் பழுதுபார்க்க நூற்றுக்கணக்கில் பில். 2019 மார்ச்சில் ஆஃபீஸ் டிப்போவும் அதற்கு சாஃப்ட்வேர் கொடுத்த கம்பெனியும் சேர்ந்து மூன்றரைக் கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன.

நம் பங்கையும் சொல்ல வேண்டும். 2012 அக்டோபரில் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஆறு கும்பல்கள் மேல் வழக்குப் போட்டது. பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து நடந்தவை. கால் சென்டரிலிருந்து போன் போட்டு, மைக்ரோசாஃப்ட் சார்பாகப் பேசுகிறோம் என்று ஆரம்பித்து, ‘ஈவென்ட் வியூவர்’ என்ற பக்கத்தைத் திறக்கச் சொல்வார்கள். எல்லா விண்டோஸிலும் அந்தப் பக்கத்தில் சிவப்புக் குறிகள் இருக்கும். நல்லபடி ஓடும் கம்ப்யூட்டரிலும் இருக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்து அரண்டுபோய்ப் பணம் கட்டியவர்களில் வயதானவர்கள் நிறைய. கம்ப்யூட்டர் மட்டுமல்ல, அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களும் பழையவர்கள்.

இப்போது திருவேங்கடம்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார் ஜெயலலிதா. பிளஸ் டூ படிக்கும் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கல்லூரி, பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு லேப்டாப். அடுத்த எட்டு ஒன்பது வருடங்களில் கொடுத்தது 50 லட்சத்துக்கும் மேல். திருவேங்கடம் அப்போது திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பரில்தான் தென்காசி மாவட்டத்துக்குப் போனது. சுற்றிலும் கரிசல், தீப்பெட்டி, பட்டாசு வேலை. அப்படிப்பட்ட வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் வாழ்க்கையில் வந்த முதல் கம்ப்யூட்டர். பலருக்கு இன்றுவரை ஒரே கம்ப்யூட்டரும் அதுதான். மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம் வேறு. பாட்டரியில் ஓடுகிற பெட்டியின் அருமை அப்போது தெரிந்தது.

அந்த முதல் வருடப் பெட்டிக்குள் 2 ஜி.பி. ராம். 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க். இரண்டு ஓ.எஸ். ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொன்று பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு டெபியனை வைத்துச் செய்தது, 2007-ல் முதல் பதிப்பு வந்தது. அரசாங்கத்துக்கு இந்த யோசனை திடீரென்று வந்ததல்ல. லேப்டாப்களை வாங்கிக் கொடுத்த எல்காட் நிறுவனத்தில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோதே, 2006, 2007 வாக்கில், அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றியிருந்தார்கள்.

ஸ்டார்ட்டர் என்பது மைக்ரோசாஃப்டின் ஏழை வீட்டுப் பதிப்பு. வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. போகட்டும், முதலமைச்சர் படம் இருந்தால் இருந்துவிட்டுப் போகிறது. முக்கியமான விஷயம் வேறு. ஸ்டார்ட்டர் 2 ஜி.பி.க்கு மேல் ராமைத் திரும்பிப் பார்க்காது. நீங்கள் கடன் வாங்கி இன்னொரு 2 ஜி.பி. போட்டாலும், அது பாட்டுக்கு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும். ‘ராம் போட்டா சரியாயிரும்’ என்று அனுப்பிவைத்த கடைக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? அதே பெட்டியில் லினக்ஸில் நுழைந்தால் அந்தத் தடை கிடையாது. ஆனால், பெரும்பாலான வீடுகளில் முதல் வாரமே லினக்ஸை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சினிமாப் படம் ஏற்றிவிட்டார்கள். உபுண்டுக்காரர்கள் 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் சி.டி.யைத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். அதை வாங்கித் தம்ளருக்கு அடியில் வைத்தவர்கள் உண்டு. லினக்ஸின் தோல்வி என்று இதைச் சொல்ல மாட்டேன். கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆளைப் போடாமல் பெட்டியை மட்டும் கொடுத்ததன் பலன்.

அப்புறம் மூட்டை ஏறத் தொடங்கியது. 2008-ல் வந்த கூகுள் குரோம், ஒவ்வொரு டேபையும் தனித்தனி ஆளாக நடத்தும். ஒரு டேப் செத்தால் மற்றவை பிழைக்கும் என்பது அதன் நல்ல குணம். ஒவ்வொருவருக்கும் தனித்தனி இலை போட வேண்டும் என்பது கெட்ட குணம். 2 ஜி.பி. வீட்டில் எத்தனை இலை போடுவது? லேப்டாப் கொடுத்த அதே 2011-ல்தான் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ கால் வைத்தது. உலகம் முழுக்க பிரவுசருக்குள்ளேயே ஓடும் சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனி. அங்கே வேலை கேட்டுப் போகக்கூடிய தூரத்தில் இருந்த பிள்ளைகள் கையில், பிரவுசரைத் திறந்தால் திணறும் பெட்டி.

நான் பி.காம். தேய்மானம் என்றால் எனக்குக் கை பரபரக்கும். நம் வருமானவரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ரொம்ப காலம் வருடத்துக்கு 60 சதவிகிதம் தேய்மானம் கொடுத்தார்கள். 2017 ஏப்ரலிலிருந்து 40 ஆக்கினார்கள். 2013-ம் வருடத்துக் கம்பெனிச் சட்டத்தின் அட்டவணைப்படி லேப்டாப்பின் ஆயுள் 3 வருடம். கம்பெனிக்கு அது சரி. மூன்றாம் வருடம் கழித்துக் கட்டிவிட்டுப் புதிது வாங்குவான், செலவை வரியில் காட்டுவான். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற அம்மாவின் வீட்டில் பேலன்ஸ் ஷீட் கிடையாது. அங்கே அந்தப் பெட்டி பத்து வருடம், பன்னிரண்டு வருடம் உழைக்க வேண்டும். அக்கா பிளஸ் டூ முடித்து, தம்பி டிப்ளமோ முடித்து, அடுத்து தங்கச்சி ஆன்லைன் விண்ணப்பம் போடுகிறவரை.

உழைக்குமா? உழைக்கும். இதில் நிஜமான ராம பாணம் ராம் இல்லை. டிஸ்க்.

லேப்டாப் ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. கிராமபோன் மாதிரி ஒரு கை, வேண்டிய இடத்துக்கு நகர்ந்து படிக்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்டு. சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். கை நகரச் சுமார் 12. ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தால் ஒரு விநாடிக்கு 55, 60 துண்டுதான். பிராசஸர் கோடிக்கணக்கில் கணக்குப் போடுகிறது. சாமான் எடுத்துக் கொடுக்கும் ஆள் விநாடிக்கு 60 நடை. ராம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை இதே டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும், திரும்ப எடுக்கும். வட்டம் சுற்றுவது அதனால்தான். அந்தக் காலத்தில் டிஃபிராக் ஓடவிட்டு, கலர் கலர்க் கட்டங்கள் நகர்வதைக் குடும்பத்தோடு பார்த்தோமே, அது துண்டுகளை வரிசையாக அடுக்கி இந்த நடையைக் குறைக்கிற வேலை. உண்மையான வேலைதான். ஆனால், நடை நடைதான்.

எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டு கிடையாது, நகரும் கை கிடையாது. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா எண்பதுகளில் கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகம். இதே துண்டுகளை விநாடிக்குப் பல்லாயிரம் எடுக்கும். அதனால்தான் டிஃபிராக் அதற்குத் தேவையில்லை. சும்மா அழித்து அழித்து எழுதி ஆயுளைக் குறைப்பதுதான் மிச்சம். 2023 வாக்கில் 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று 2,000 ரூபாய்க்குள்ளேயே கிடைத்தது. 12 வருடப் பழசு ஒன்றில் இதை மாட்டி, லேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தது அரை நிமிடத்துக்குள் எழுந்து நின்றது. பிராசஸர் அதேதான். ராம் அதேதான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், புதுத் தலைமுறை பிராசஸர் வேண்டும். 2017-க்கு முந்தைய பெட்டிகளுக்குப் பெரும்பாலும் கதவு சாத்தியாகிவிட்டது. ஓடக்கூடிய கம்ப்யூட்டர்கள் கோடிக்கணக்கில் உலகம் முழுக்கப் பழைய இரும்புக் கடையைப் பார்த்து நிற்கின்றன. சரி, புதிது வாங்குவோம், ராமாவது கூட்டுவோம் என்றால் நீஹாமா திரும்ப வந்துவிட்டது. இந்தத் தடவை எதுவும் வெடிக்கவில்லை. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் உலகத்து ராமையெல்லாம் மொத்தமாக அள்ளிக்கொள்கின்றன. 2025-ன் பின்பாதியில் விலை தாறுமாறாக ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சில்லறை வாடிக்கையாளர்களுக்காகப் பல வருடங்களாக நடத்திவந்த குருஷியல் பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது. வீட்டுக்காரனுக்கு விற்பதைவிட டேட்டா சென்டருக்கு விற்றால் லாபம். வியாபாரி அப்படித்தான் செய்வான்.

2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு, இரண்டு வருடத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று மறுபடி அறிவித்தது. நல்லது. முந்தைய 50 லட்சத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அவற்றில் பாதி செத்திருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். மீதியில் பல, பாட்டரி உப்பி, பரணில் சாக்குக்குள் கிடக்கின்றன. உப்பிய பாட்டரியை முதலில் கழற்றிவிடுங்கள், அது ஆபத்து. சார்ஜரிலேயே ஓடும். அடிப்பக்கத்தில் ஸ்க்ரூவைக் கழற்றினால் டிஸ்க் கையோடு வரும். அதே அளவில்தான் எஸ்.எஸ்.டி. வருகிறது. அதே இடத்தில் உட்காரும். கழற்றிய பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு கேஸிங்கில் போட்டால் பென் டிரைவ் மாதிரி ஓடும். பிளஸ் டூ ஃபேர்வெல் போட்டோ அதில்தான் இருக்கும்.